ஃபிரிமேண்டில் சிறைச்சாலை: ஓய்வுபெற்ற கோர்ட் ஸ்டெனோ ஒருத்தி பார்த்து வந்தது

பெர்த்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. கிங்ஸ் பார்க் பார்த்தாயிற்று, ராட்னெஸ்ட் தீவுக்குப் போய் குவாக்கா என்ற சின்ன விலங்கோடு பேரன் படம் எடுத்தாயிற்று. "இன்னும் எங்கம்மா போகணும்?" என்று மகள் கேட்டபோது ஃபிரிமேண்டில் சிறைக்குப் போகலாம் என்று சொன்னேன். "ஜெயிலைப் பார்க்கவா பிளேன் ஏறி வந்தீங்க?" என்றாள்.

நான் தென் மாவட்டம் ஒன்றில் அமர்வு நீதிமன்றத்தில் சுருக்கெழுத்துத் தட்டச்சராக 31 வருடம் வேலை பார்த்தவள். ஆட்களைச் சிறைக்கு அனுப்பும் காகிதங்களை அடித்து அடித்தே விரல் தேய்ந்தது. ஆனால் அந்தக் காகிதம் போய்ச் சேரும் இடத்தை ஒருநாளும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. அதனால்தான் கேட்டேன்.

பெர்த் நகரத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம். ஸ்டேஷனில் இறங்கி, கடைத்தெரு வழியாக மெதுவாக நடந்தால் கால் மணியில் சிறை வாசல் வந்துவிடும். கடைசியில் கொஞ்சம் மேடு. முழங்கால் வலி இருப்பவர்கள் நின்று நின்று ஏறலாம். இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகளே 1850களில் அந்த இடத்துச் சுண்ணாம்புக் கல்லை வெட்டிக் கட்டிய சிறை. 1991 வரைக்கும் நிஜமாகவே கைதிகள் இருந்திருக்கிறார்கள். 2010இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பல வகைச் சுற்றுகள் வைத்திருக்கிறார்கள். தரைக்கு அடியில் 20 மீட்டர் இறங்கி, சுரங்கத்தில் படகில் போகும் சுற்று ஒன்று. ராத்திரியில் டார்ச் விளக்கோடு போகும் சுற்று ஒன்று. நாங்கள் எடுத்தது பகலில், ஒன்றேகால் மணி நேரம் போகும் சாதாரணச் சுற்று. எங்களுக்கு வந்த வழிகாட்டி நடுவயதுப் பெண்மணி. அவசரப்படுத்தாமல், பேரனுக்கும் புரிகிற மாதிரி, எளிய ஆங்கிலத்தில் சொன்னார். என் அரைகுறை ஆங்கிலத்துக்கே முக்கால்வாசி பிடிபட்டது. மீதியை மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்.

சிறை அறைகள் நான்கு மாடிக்கு அடுக்கடுக்காக இருக்கின்றன. ஆரம்பத்தில் ஓர் அறை ஏழு அடி நீளம், நாலு அடி அகலம். எங்கள் வீட்டுச் சாமி அறை இதைவிடப் பெரிது. கடைசி நாள் வரைக்கும் அறைக்குள் கழிப்பறை கிடையாது, வாளிதான். பேரன் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஓர் அறையின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். ஜேம்ஸ் வால்ஷ் என்று ஒரு கைதி. கள்ளப் பத்திரம் தயாரித்ததற்காக 19ஆம் நூற்றாண்டில் கப்பலேற்றப்பட்டவர். தன் அறைச் சுவர் முழுக்கப் படம் வரைந்திருக்கிறார். சுவரில் கிறுக்கக் கூடாது என்பது சட்டம். மேலே வெள்ளையடித்து வெள்ளையடித்து அந்தப் படங்கள் பல பத்து வருடம் மறைந்தே கிடந்தன. சுண்ணாம்பு உரிந்தபோதுதான் வெளியே வந்தன. மனித உருவங்கள், அவ்வளவு நேர்த்தியான கோடுகள்.

அதைப் பார்த்ததும் எனக்கு மயூரன் சுகுமாரன் ஞாபகம் வந்தது. இலங்கையிலிருந்து போன பெற்றோருக்கு லண்டனில் பிறந்து, சிட்னியில் வளர்ந்த பையன். ஹெராயின் கடத்திய வழக்கில் 2005இல் பாலித் தீவில் பிடிபட்டு மரண தண்டனை பெற்றவர். குற்றம் செய்யவில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பத்து வருடம் கெரோபோகான் சிறையில் இருந்தபோது படம் வரையக் கற்றுக்கொண்டு, மற்றக் கைதிகளுக்கும் வகுப்பு நடத்தினார். இதே பெர்த்தில் இருக்கும் கர்ட்டின் பல்கலைக்கழகம்தான் 2015 பிப்ரவரியில் அவருக்கு நுண்கலைப் பட்டம் கொடுத்தது. ஏப்ரல் 29ஆம் தேதி நள்ளிரவு தாண்டி இந்தோனேசியாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பட்டம் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2005இல் பிடிபட்ட பையனும் 2015இல் சுடப்பட்ட மனிதரும் ஒரே ஆள்தானா என்று அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து நான் அழுதது மகளுக்கும் ஞாபகம் இருக்கிறது.

அந்த இரவில் சுடப்பட வேண்டியவர்கள் வரிசையில் மேரி ஜேன் வெலோசோ என்ற பிலிப்பைன்ஸ் பெண்ணும் இருந்தார். அவரை வேலைக்கென்று ஏமாற்றி அனுப்பியதாகச் சொல்லப்பட்ட பெண் கடைசி நேரத்தில் பிலிப்பைன்ஸ் போலீஸிடம் சரணடைந்தார். அந்த வழக்குக்கு வெலோசோவின் சாட்சியம் தேவைப்பட்டது. அதனால் அவரை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். 2024 டிசம்பரில் அவர் ஊர் திரும்பினார். எட்டுப் பேரைச் சுட்டார்கள், ஒருத்தி சாட்சி என்பதால் பிழைத்தாள். ஏன் இதை இங்கே சொல்கிறேன் என்பது கொஞ்சம் கழித்துப் புரியும்.

தூக்கு மேடை தனிக் கட்டடம். உள்ளே போவதற்கு முன் வழிகாட்டி நின்று, வர விருப்பம் இல்லாதவர்கள் வெளியே இருக்கலாம், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள் என்று சொன்னார். மகள் பேரனோடு வெளியே நின்றுவிட்டாள். நானும் மாப்பிள்ளையும் போனோம். சின்ன அறைதான். குறுக்கே ஓர் உத்தரம், கயிறு, கீழே திறக்கும் பலகைக் கதவு, அதற்கும் கீழே குழி. 1888இல் கட்டியது. 1889இல் முதலில் தூக்கிலிடப்பட்டவர் ஒரு மலாய்க்காரர். 1964 வரை 44 பேர், அதில் ஒருவர்தான் பெண்.

நான் அடித்த தீர்ப்புகளில் "சாகும் வரை தூக்கிலிட" என்ற வரி எத்தனை முறை வந்திருக்கும் என்று அங்கே நின்று விரல் விட்டு எண்ணினேன். மூன்று முறை. மூன்று சொல்தானே, தட்டச்சில் ஒரு மூச்சு. அந்த மூன்று சொல்லுக்கு இப்படி ஒரு உத்தரமும் ஒரு குழியும் வேண்டியிருக்கிறது என்பதை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. கை நடுங்கியது. மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஒரு பெண், மார்த்தா ரெண்டல். 1909இல் தூக்கிலிட்டார்கள். கூட வாழ்ந்தவரின் பிள்ளைகளுக்குத் தொண்டையில் அமிலம் தடவிக் கொன்றாள் என்று வழக்கு. அந்தப் பிள்ளைகளுக்கு மருத்துவர்கள்தான் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். முதலில் இறந்த இருவருக்கும் தொண்டை அடைப்பான் நோய் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். பிறகுதான் சந்தேகம் வந்து, ஊரே சிற்றன்னை கொடுமைக்காரி என்று கொதித்தது. கடைசி வரை தான் செய்யவில்லை என்றே சொன்னாள். இன்றைக்கும் அந்த வழக்கைப் படித்தவர்களில் சிலர் நம்புகிறார்கள், சிலர் சந்தேகப்படுகிறார்கள். சிறைக் கோயிலின் ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம் தெரிகிறது என்று ஒரு கதை உலவுகிறது. எனக்கு முகம் எதுவும் தெரியவில்லை. நூறு வருடம் கழித்தும் ஓர் ஊர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றால், அந்த வழக்கு அவர்கள் மனதில் இன்னும் முடியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவர் எரிக் எட்கர் குக். 1964 அக்டோபர் 26, காலை 8 மணி. இந்த ஆளுக்காக இரக்கப்படுவது கஷ்டம். பெர்த்தில் எட்டுப் பேரைக் கொன்றவர். 1963 ஜனவரியில் ஒரே இரவில் ஐந்து பேரைச் சுட்டிருக்கிறார். ராத்திரியில் கதவைத் திறந்து போட்டுத் தூங்கிய ஊர் அதற்குப் பிறகுதான் பூட்டுப் போட ஆரம்பித்தது என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்களாம். தூக்கு சட்டத்தில் இருந்த காலம், மேடையும் கயிறும் ஊருக்கு அருகிலேயே இருந்த காலம். அது குக்கைத் தடுக்கவில்லை. தண்டனையைப் பார்த்துப் பயப்படுவார்கள் என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு ஆளை மட்டும் யோசித்துப் பார்த்தால் போதும்.

குக் பிடிபடுவதற்கு முன்பே, அவர் செய்த இரண்டு கொலைகளுக்கு வேறு இரண்டு பேர் உள்ளே இருந்தார்கள். ஒருவர் டேரில் பீமிஷ். பிறவியிலேயே காது கேளாத, வாய் பேச இயலாத இளைஞர். 1959இல் நடந்த ஓர் இளம்பெண்ணின் கொலைக்காக 1961இல் அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். அவர் சைகையில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் வாயால் கேட்டு எழுதிய ஒப்புதல்தான் அவரைச் சிக்கவைத்தது. பிறகு தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. இன்னொருவர் ஜான் பட்டன், திக்குவாய். 1963இல் தன் காதலி கார் மோதி இறந்ததற்கு இவரே காரணம் என்று, மணிக்கணக்கில் விசாரித்து ஒப்புதல் வாங்கினார்கள். பத்து வருடத் தண்டனை கிடைத்தது.

குக் பிடிபட்டதும் இரண்டையும் நான்தான் செய்தேன் என்று சொன்னார். பீமிஷின் மேல்முறையீட்டில் சாட்சிக் கூண்டேறியும் சொன்னார். நீதிபதிகள் நம்பவில்லை. இத்தனை கொலை செய்தவன் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்கிறான், இவன் சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது என்று நினைத்திருப்பார்கள். தூக்கு மேடைக்குப் போவதற்குச் சில நிமிடம் முன்புகூட, பைபிள் மேல் கை வைத்து அந்த இரண்டு பேரும் நிரபராதிகள் என்று சத்தியம் செய்திருக்கிறார். அப்புறம் தூக்கிலிட்டுவிட்டார்கள்.

பட்டன் ஐந்து வருடம் உள்ளே இருந்தார், பீமிஷ் பதினைந்து வருடம். ஒரு பத்திரிகையாளர் பல வருடம் விடாமல் தோண்டித் துருவி எழுதிய பிறகுதான் வழக்குகள் மறுபடி திறந்தன. அந்தக் காலத்து மாடல் கார்களைக் கொண்டுவந்து, பொம்மைகள் மேல் மோத விட்டுப் பார்த்தார்கள். பட்டனின் காரில் இருந்த ஒடுக்கு மனித உடலில் மோதியதால் வந்ததில்லை என்று தெரிந்தது. 2002இல் பட்டன் நிரபராதி என்று தீர்ப்பு. 2005இல் பீமிஷ். தண்டனை கொடுத்து 44 வருடம் கழித்து.

இதை வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரில் விவரமாகப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நிரபராதியைத் தூக்கில் போட்டுவிட்டால் திருத்த முடியாது என்பதை எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். 1961இல் தண்டனையை நிறைவேற்றியிருந்தால் 2005இல் பீமிஷ் இருந்திருக்க மாட்டார், அது சரி. ஆனால் குக் விஷயம் வேறு. குக் குற்றவாளி, சந்தேகமே இல்லை. அந்தக் குற்றவாளியைத் தூக்கிலிட்டதால் நஷ்டப்பட்டது இரண்டு நிரபராதிகள். கார் எந்தப் பக்கம் திரும்பியது, எந்த வழியாக வீட்டுக்குள் நுழைந்தார், கையில் என்ன இருந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சரிபார்க்க வேண்டிய ஒரே வாயை அரசாங்கமே மூடிவிட்டது. இந்தோனேசியாவில் வெலோசோவைச் சாட்சி என்று நிறுத்தி வைத்த அறிவு 1964இல் இங்கே யாருக்கும் வரவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் மாப்பிள்ளை கேட்டார்: "எல்லாம் சரி அத்தை. சின்னப் பிள்ளையைச் சீரழிச்சுக் கொல்றவனையும் உள்ள வச்சு சோறு போடணுமா?"

அந்தக் கேள்வியை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு வயதுப் பிள்ளையின் பிரேதப் பரிசோதனைச் சான்றிதழை வரி வரியாக அடித்திருக்கிறேன். அடித்து முடித்துப் பாத்ரூமில் போய் நின்றிருக்கிறேன். அந்தக் கோபம் நியாயம். ஆனால் அந்த மாதிரி வழக்கில்தான் போலீசுக்கும் ஊருக்கும் பத்திரிகைக்கும் நீதிமன்றத்துக்கும் பதற்றம் அதிகம். சீக்கிரம் யாராவது ஒருத்தன் வேண்டும் என்று எல்லாரும் நிற்கும் நேரம் அது. தப்பு நடப்பதற்கு அதைவிடத் தோதான நேரம் கிடையாது. நம் நாட்டிலேயே 2009இல் உச்ச நீதிமன்றம் ஆறு பேருக்கு மரண தண்டனை என்று சொன்னது. மகாராஷ்டிரத்து நாடோடி இனத்து ஏழைகள். 2019இல் அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுவித்தது. பதினாறு வருடம் போனது. உயிர் மிச்சம் இருந்ததால் வெளியே வந்தார்கள்.

ராஜீவ் காந்தி கொலையில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளன் வழக்கு நம் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதில் மறக்க முடியாத இடம் ஒன்றுதான். அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி, ஓய்வு பெற்ற பிறகு 2013இல் வாய் திறந்தார். வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதை எழுதாமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். ஒரே ஒரு வரி. 2011 செப்டம்பரில் தூக்குக்குத் தேதி குறித்திருந்தார்கள். உயர் நீதிமன்றம் நிறுத்தி வைக்காமல் இருந்திருந்தால், அந்த வரி வெளியே வந்தபோது கேட்க அவர் இருந்திருக்க மாட்டார். 2014இல் தண்டனை குறைந்தது, 2022 மே மாதம் வீட்டுக்கு வந்தார்.

எழுதாமல் விட்ட வரி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் ஒன்றை அடித்திருக்கிறேன்.

1990களின் கடைசி. கொலை வழக்கு. கீரை விற்கும் ஒரு கிழவி அரசுத் தரப்பில் முக்கியச் சாட்சி. கூண்டில் ஏறி, "இருட்டிக்கிட்டு வந்துச்சுய்யா, அவன் கணக்காத்தான் தெரிஞ்சுது" என்றாள். எங்கள் பக்கத்தில் 'அவன் கணக்கா' என்றால் அவனைப் போல என்று அர்த்தம். வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த நீதிபதி. நல்ல மனிதர், கெட்ட எண்ணம் துளி கிடையாது. காது எட்டியதை வைத்து எனக்குச் சொன்னார்: "எதிரியை அங்கே பார்த்தேன், போடும்மா." கிரிமினல் கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்றுதான் பெயர். எனக்கு வித்தியாசம் தெரிந்தது. தலை நிமிர்ந்து பார்த்தேன். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அடித்துவிட்டேன். மூன்று கார்பன் வைத்து.

அந்த ஆளுக்குத் தூக்கு. கையெழுத்துப் போட்டு முடித்து நீதிபதி பேனா முனையை மேசையில் குத்தி உடைத்ததைப் பார்த்தேன். தூக்குத் தண்டனை என்றால் கேஸ் கட்டு முழுவதும் உறுதிசெய்ய உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். போனது. இரண்டு வருடம் கழித்து, அந்த வெளிச்சத்தில் அடையாளம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று விடுதலை. கிழவி கூண்டில் சொன்னதும் அதுதான்.

கொஞ்ச நாள் கழித்து அவர் எங்கள் கோர்ட்டுக்கு வந்தார். சைக்கிளை வாங்க. போலீஸ் கைப்பற்றி, எம்.ஓ.4, அதாவது நாலாவது சான்றுப் பொருள் என்று சீட்டுக் கட்டி, சொத்து அறையில் போட்டிருந்த சைக்கிள். அன்றைக்குப் பார்த்து ப்ராப்பர்ட்டி கிளார்க் லீவு, பதிவேட்டை நான்தான் நீட்டினேன். அவர் கையெழுத்துப் போடும்போது அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நகத்தில் மண் இருந்தது, ஏதோ வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். என்னிடம் "இங்க போடவாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை. சைக்கிள் டயர் இரண்டும் மட்கிப் போயிருந்தன. தள்ளிக்கொண்டே போனார்.

மாப்பிள்ளையிடம் இதை ரயிலில்தான் முதல் முறையாகச் சொன்னேன். என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

சரி, போகிறவர்களுக்கு. மேற்கு ஆஸ்திரேலியாவில் மரண தண்டனையை 1984இல் எடுத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியா முழுவதிலும் கடைசித் தூக்கு 1967இல் மெல்போர்னில். அதனால் இங்கே இது பழங்கதை. நம் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அப்படி இல்லை, அதனால் கட்டாயம் பாருங்கள். பத்து வயதுக்குக் கீழே இருந்தால் தூக்கு அறைக்குள் அழைத்துப் போக வேண்டாம். ஜேம்ஸ் வால்ஷின் அறையைக் காட்டுங்கள். உள்ளே நிறைய நடக்க வேண்டும், படி இருக்கிறது, கால் பிடிக்கும் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட்டை முன்பே பதிவு செய்வது நல்லது. தூக்கு அறையிலிருந்து வெளியே வந்ததும் வழிகாட்டியிடம் டேரில் பீமிஷைப் பற்றிக் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், எல்லாரையும் நிழலில் நிறுத்தி, நிதானமாகச் சொன்னார்.